ஜிஆர்86: குதிரை சக்தி குறைவு, பிறகு ஏன் இதையே கேட்கிறார்கள்? கேள்வி பதில்

டொயோட்டா ஜிஆர்86, அதன் இரட்டைப்பிறவியான சுபாரு பிஆர்இசட், இரண்டைப் பற்றியும் கேட்கலாம். 2012-இல் வந்த முதல் தலைமுறை வண்டிக்காரர்களும் வரலாம். மாதத் தவணை, காப்புறுதி, சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய சிஓஇ உரிமத்தின் விலை என் துறை அல்ல. என்ஜின், சஸ்பென்ஷன், பிரேக், டயர் என்று கேளுங்கள்.

பெட்டாலிங் ஜெயா: அண்ணா, இப்ப எல்லா டர்போ ஹேட்ச்பேக்கும் 300 குதிரையைத் தொடுது. 235 குதிரைக்கு ஏன் இவ்வளவு பேர் அலையறாங்க?

நேர் சாலையில் அந்த டர்போ வண்டிகள் இதை விட்டுவிட்டுப் போய்விடும். கியர் வண்டிக்கு டொயோட்டா சொல்லும் கணக்கு 0-100-க்கு 6.3 விநாடி, ஆட்டோமேட்டிக்குக்கு 6.9. இதில் மனம் சுருங்குகிறவர் வாங்கக் கூடாது. பிறகு டர்போ போடலாமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

வாங்குகிறவர்கள் தேடுவது வேறு. எடை சுமார் 1,270 கிலோ. பிஸ்டன்கள் படுத்தவாக்கில் எதிரெதிரே ஓடும் பாக்ஸர் என்ஜின் என்பதால் பாரம் தரையை ஒட்டி இருக்கிறது. பின்சக்கர இழுவை, ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் இரண்டுக்கும் விசையைப் பங்கிடும் டோர்சன் எல்எஸ்டி. வளைவில் பாதி தாண்டி ஆக்ஸிலரேட்டரை ஒரு விரல் அளவு கூட்டினால் வண்டியின் வால் அதே ஒரு விரல் அளவுதான் நகரும். டர்போவில் நீங்கள் மிதித்ததற்கும் அது இழுப்பதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி உண்டு, அதற்குப் பிறகு கேட்டதைவிட அதிகமாகக் கிடைக்கும். ஓட்டப் பழகுகிறவருக்கு இந்த வித்தியாசம்தான் பாடமே.

முதல் தலைமுறையில் ஒரு குறை இருந்தது. 1,998 சிசி எஃப்ஏ20 என்ஜினின் 205 நியூட்டன்மீட்டர் டார்க் (சுழற்று விசை) நிமிடத்துக்கு 6,400 சுற்றுக்கு மேல்தான் முழுசாகக் கிடைக்கும். 3,500-இலிருந்து 4,500 வரை ஒரு பள்ளம். இரண்டாவது கியரில் மலைப்பாதை ஏறும்போது வண்டி தூங்கி எழும். இப்போதைய ஜிஆர்86-இன் எஃப்ஏ24 என்ஜினில் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) அதே 86 மில்லிமீட்டர், சிலிண்டரின் விட்டத்தை மட்டும் 86-இலிருந்து 94 ஆக்கினார்கள். கொள்ளளவு 2,387 சிசி ஆயிற்று, 250 நியூட்டன்மீட்டர் 3,700 சுற்றிலேயே வந்துவிடுகிறது. காகிதத்தில் 35 குதிரைதான் கூடியிருக்கிறது. ஓட்டுகிறவருக்கு அந்தப் பள்ளம் தூர்ந்து போனதுதான் பெரிசு.

இன்னொன்று, மாஸ்டா எம்எக்ஸ்-5 இதைவிட லேசான வண்டி, ஆனால் பின் இருக்கையே கிடையாது. இதில் பின் இருக்கையைப் படுக்கப் போட்டால் நான்கு டயரை வீலோடு ஏற்றிக்கொண்டு ட்ராக்குக்கு (பந்தயத் தடத்துக்கு) போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம். சிவிக் டைப் ஆர் சுற்று நேரத்தில் ஜெயிக்கும், நான்கு பேர் உட்காரலாம், ஆனால் முன்சக்கர இழுவை. எது வேண்டும் என்பது உங்கள் கணக்கு.

சிங்கப்பூர்: பிஆர்இசட்டா, ஜிஆர்86-ஆ?

இரண்டும் குன்மாவில் உள்ள சுபாரு ஆலையில்தான் தயாராகின்றன. பிஆர்இசட்டின் முன் ஸ்பிரிங் கொஞ்சம் கடினம், பின் ஸ்பிரிங் மென்மை. ஜிஆர்86-இல் நேர்மாறு, அதனால் வால் சீக்கிரம் விளையாடும். முன் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிஆர்இசட்டில் அலுமினியம், ஜிஆர்86-இல் இரும்பு. டயரும் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோண அமைப்பு) மாற்றிய அன்றே இந்த வித்தியாசம் பாதி கரைந்துவிடும். நல்ல விலைக்குக் கிடைப்பதை எடுங்கள்.

கிள்ளான்: டர்போ கிட் போட்டா தாங்குமா சார்?

கம்ப்ரஷன் 12.5:1. அதன்மேல் பூஸ்ட் (டர்போ அழுத்தித் தரும் காற்று) ஏற்றினால், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும் தட்டல் வரும் எல்லைக்கு மிக அருகில் ஓட்டுகிறீர்கள். கனெக்டிங் ராடும் அந்த அழுத்தத்துக்காகச் செய்தது அல்ல. எண்ணெய் ஓட்டம் ஏற்கெனவே இந்த என்ஜினின் பலவீனமான இடம், அதிலிருந்தே டர்போவுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். செய்கிறவர்கள் என்ஜினைப் பிரித்து உள்ளே மாற்றிவிட்டுத்தான் செய்கிறார்கள். அந்தக் காசில் ஜிஆர் யாரிஸ் பாருங்கள்.

மெல்பர்ன்: முதல் ட்ராக் டே (சொந்த வண்டியைப் பந்தயத் தடத்துல ஓட்டுற நாள்). புது வண்டி. என்ன மாத்தணும், எந்த வரிசையில?

கேட்க வேண்டிய கேள்வி இது.

முதலில் பிரேக் ஆயில். வண்டியோடு வருவது டாட் 3. அந்தத் தரத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140. ட்ராக்கில் நான்காவது ஐந்தாவது சுற்றில் காலிபர் அந்தச் சூட்டைத் தாண்டும். உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும், பெடல் பஞ்சு மாதிரி தரை வரை போகும். கொதிநிலை 300 டிகிரிக்கு மேல் உள்ள ரேஸிங் டாட் 4 ஊற்றுங்கள். நான்கு சக்கரத்திலும், குழாயில் பழைய நிறம் மறையும் வரை எடுங்கள்.

அடுத்து பிரேக் பேட். சாலைப் பேடால் அந்தச் சூட்டைப் பிடிக்க முடியாது. பேடும் ஆயிலும் சேர்ந்து மாறினால்தான் பயன், ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 'அப்பவும் பிடிக்கல' என்று வராதீர்கள்.

மூன்றாவது முன் கேம்பர், அதாவது முன் சக்கரம் உட்பக்கமோ வெளிப்பக்கமோ சாயும் கோணம். கம்பெனியிலிருந்து ஏறக்குறைய பூஜ்யம், சரிசெய்ய வழியும் வைக்கவில்லை. ஸ்ட்ரட்டை நக்கிளோடு இணைக்கும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டை எடுத்துவிட்டு கேம்பர் போல்ட் போட்டால் மைனஸ் 1.5 வரை வரும். செய்யாவிட்டால் ஒரே நாளில் முன் டயரின் வெளி விளிம்பு வழுக்கைத் தலையாகிவிடும். மாற்றியதும் டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்க்கும் கோணம்) மாறியிருக்கும், அலைன்மென்ட் பார்க்காமல் ட்ராக்குக்குப் போகாதீர்கள்.

வீல் நட் 120 நியூட்டன்மீட்டர். டார்க் ரெஞ்ச் வையுங்கள், காலால் மிதித்து இறுக்காதீர்கள். சூடு ஆறிய பிறகு மறுபடி பாருங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் டிப்ஸ்டிக்கில் என்ஜின் ஆயில் அளவைப் பாருங்கள். ஏன் என்று அடுத்த பதிலில்.

ஜொகூர் பாரு: ஆயில் பானுக்குள்ள (என்ஜின் அடியில ஆயில் தேங்குற தட்டு) சீலன்ட் துண்டு கிடக்குது, அதான் என்ஜின் போகுதுன்னு வீடியோ வருதே. நான் பானைக் கழற்றிச் சுத்தம் பண்ணலாமா?

பானைத் திறக்காதீர்கள். காரணத்தோடு சொல்கிறேன்.

இந்த என்ஜினில் பானுக்கும் பல மூடிகளுக்கும் கேஸ்கட் இல்லை, திரவ சீலன்ட் தடவி ஒட்டுகிறார்கள். அதிகம் தடவினால் உட்புறம் பிதுங்கி நிற்கும் இழை பிய்ந்து ஆயிலில் விழும், பம்ப் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயின் வலையில் போய் ஒட்டும். இது உண்மை, பல வண்டிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த வலையின் பரப்பு குழாயின் வாயைவிடப் பலமடங்கு பெரிது. நாலைந்து இழை ஒட்டியதால் ஓட்டம் நின்றுவிடாது.

ட்ராக்கில் என்ஜினைக் கொல்வது பெரும்பாலும் வேறு. பான் அகலமானது, ஆழம் குறைவு. சிலிண்டர் ஹெட்கள் பக்கவாட்டில் படுத்திருப்பதால் அங்கே போன ஆயில் திரும்பி வழிய நேரம் எடுக்கும். ஒட்டும் டயரோடு நீளமான வலப்பக்க வளைவில் 1 ஜி-க்கு (வண்டியின் எடைக்குச் சமமான பக்கவிசைக்கு) மேல் சில விநாடி நின்றால் ஆயில் எல்லாம் இடப்பக்கம் ஒதுங்கிவிடும், பிக்கப் காற்றை உறிஞ்சும், பேரிங்குக்கு ஆயில் போகாது. மலேசியாவின் செபாங் ட்ராக்குக்குப் போகிறவர்களுக்கு 13, 14-ஆம் வளைவுகள் தெரியும், வலப்பக்கம் திரும்பிக்கொண்டே பிரேக் பிடிக்கிற இடம். மீட்டரில் ஆயில் சூடு காட்டும், அழுத்தம் காட்டாது. எச்சரிக்கை விளக்கு எரிவது அழுத்தம் ஏறக்குறைய இல்லாமல் போன பிறகுதான்.

ஆகவே அழுத்த மீட்டர் பொருத்துங்கள், பானுக்குத் தடுப்புத் தகடு போடுங்கள், காற்றில் குளிரும் ஆயில் கூலர் வையுங்கள். ட்ராக் நாளில் மேல் குறிக்கு அரை லிட்டர் அதிகம் வைப்பவர்கள் பலர். டிப்ஸ்டிக்கின் இரண்டு குறிக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர். கீழ்க்குறியில் ட்ராக்குக்குள் போனால் மொத்த 5 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இல்லாமலே போகிறீர்கள்.

ஷா ஆலம், பட்டறை வைத்திருப்பவர்: மன்னிக்கணும் சார், ஒத்துக்க முடியல. வலை கால்வாசி அடைச்ச வண்டிய நானே கழுவியிருக்கேன். அடைப்பு இருந்தா பம்ப் இழுக்கிறது குறையும்தானே?

குறையும், எந்த அளவுக்கு என்பதுதான் கேள்வி. கால்வாசி அடைத்தாலும் மீதி முக்கால்வாசி குழாயின் வாயைவிடப் பெரிது. அடைப்புதான் கொல்கிறது என்றால் நெடுஞ்சாலையில் 110-இல் போகிறவர் என்ஜினும் அதே எண்ணிக்கையில் போக வேண்டும். போனதாகப் பேசப்படுபவை ட்ராக்கில், அதிலும் வலது வளைவில் குவிகின்றன. சீலன்ட்டுக்கு இடமும் வலமும் தெரியாது.

ஷா ஆலம்: அப்ப 2018 ரீகால் (கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைச்சுச் சரிசெஞ்சது)?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், அதை ஒத்துக்கொள்கிறேன். முதல் தலைமுறையின் ஆரம்ப வண்டிகளுக்கு வால்வ் ஸ்பிரிங் ரீகால் வந்தது. என்ஜினை இறக்கி, பிரித்து, கையால் சீலன்ட் தடவி மூட வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சில என்ஜின்கள் போயின, கையால் அதிகம் தடவிய சீலன்ட் மேல் பழி விழுந்தது. நம்பத்தக்க காரணம்தான். ஆனால் அதே உதாரணம் என் பக்கமும் பேசுகிறது. பானைக் கழற்றுகிற ஒவ்வொருவரும் மறுபடி கையால்தான் தடவப் போகிறார். ஆலையில் இயந்திரம் வைத்த கோட்டைவிட அவர் கை சீராக இருக்கும் என்று நீங்கள் உத்தரவாதம் தருவீர்களா?

ஷா ஆலம்: என் கைக்குத் தருவேன்.

உங்களுக்குச் சரி. இங்கே கேட்பவர் வீட்டு வாசலில் ஜாக்கி வைத்துச் செய்யப்போகிறவர்.

பார்த்தே ஆக வேண்டும் என்பவருக்கு: ஆயில் மாற்றும்போது டிரெய்ன் துளை வழியாக எண்டோஸ்கோப் கேமரா விட்டுப் பாருங்கள். பிக்கப் வலை தெரியும். இரண்டு மூன்று இழை என்றால் மூடிவிட்டுப் போங்கள். வலையே தெரியாத அளவு மூடியிருந்தால் படம் எடுத்து டீலரிடம் காட்டுங்கள், வாரன்டி இருக்கும்போது நீங்களாகத் தொடாதீர்கள். வாரன்டி முடிந்து கழற்றினால் பிளாஸ்டிக் சுரண்டியால் மட்டும் பழைய சீலன்ட்டை எடுங்கள், இரும்பு சுரண்டி அலுமினியத்தில் கோடு போடும், அந்தக் கோடு வழியே கசியும். புதியதை மெல்லிய ஒரே கோடாக இழுங்கள், ஆயில் ஊற்றுமுன் ஒரு நாள் ஆற விடுங்கள்.

கோயம்புத்தூர்: இந்தியாவுக்கு இறக்குமதி பண்ணினா எவ்வளவு ஆகும்?

டொயோட்டா அங்கே விற்பதில்லை. வரிக் கணக்கைச் சுங்க முகவரிடம் கேளுங்கள்.

சிரம்பான்: டர்போ வேண்டாம்னா சூப்பர்சார்ஜர்?

கிள்ளான்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். காற்றை அழுத்தும் கருவியின் பெயர் மாறியதால் பிஸ்டனுக்கு ஒன்றும் தெரியாது.

சிங்கப்பூர்: எந்த சைஸ் வீல், டயர்? உரசாம இருக்கணும்.

பிசிடி 5x100, அதாவது ஐந்து போல்ட், அவை அமையும் வட்டம் 100 மில்லிமீட்டர்; நடுத்துளை 56.1. கம்பெனி வீல் 7.5 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து பொருந்தும் முகம் விலகும் தூரம்) 48. சாலைக்கு 17x8, ஆஃப்செட் 45, டயர் 225/45, எந்த வேலையும் இல்லாமல் உட்காரும். ட்ராக்குக்கு 17x9, ஆஃப்செட் 42, டயர் 245/40. இதற்கு முன் சக்கரங்களில் மைனஸ் 2 கேம்பராவது வேண்டும், இல்லாவிட்டால் ஃபெண்டரில் தட்டும். 17 அங்குல டயர் 18-ஐவிட மலிவு, வீலும் லேசு. 5x100-இல் வீல் தேர்வு குறைவு என்பதற்காக அடாப்டர் போட்டு 5x114.3-க்கு மாறாதீர்கள். மலிவு அடாப்டரில் நட் தளர்ந்தால் சக்கரமே போகும்.

ஒட்டும் டயர் போட்டால் மேலே சொன்ன ஆயில் பிரச்சினை கூடும். டயர் மாற்றுகிற நாளிலேயே அழுத்த மீட்டரையும் மாட்டுங்கள்.

டொரன்டோ: காலையில ரெண்டாவது கியர் விழ மறுக்குது, கியர்பாக்ஸ் போச்சா?

போகவில்லை. குளிரில் கியர் ஆயில் கெட்டியாக இருக்கிறது. முதல் ஐந்து நிமிடம் மெதுவாகத் தள்ளுங்கள். சூடான பிறகும் கரகரத்தால் பட்டறைக்குப் போங்கள்.

ஈப்போ: 2013 வண்டி. ஐட்லிங்ல சில்வண்டு கத்துற மாதிரி சத்தம்.

உயர் அழுத்த எரிபொருள் பம்ப். முதல் தலைமுறையின் பிறவிக் குணம். ஆபத்தில்லை.

பினாங்கு: சார், சின்ன டர்போ, லோ பூஸ்ட்...

இல்லை.

மெல்பர்ன்: டிப்ஸ்டிக் பார்க்கச் சொன்னீங்க. சூடா இருக்கும்போதா, ஆறியா? ஒவ்வொரு தடவையும் வேற அளவு காட்டுது.

பாக்ஸர் என்ஜினில் அப்படித்தான் காட்டும், ஹெட்டிலிருந்து ஆயில் மெதுவாக இறங்குகிறது. சமதளத்தில் நிறுத்துங்கள், என்ஜினை அணைத்துக் குறைந்தது ஐந்து நிமிடம் விடுங்கள். முதல் தடவை எடுத்ததைத் துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு பக்கமும் பாருங்கள், இரண்டில் குறைவாகக் காட்டும் பக்கம்தான் கணக்கு. ட்ராக்கில் ஓட்டத்துக்கு ஓட்டம் அதே இடத்தில் நிறுத்தி, அதே ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அப்போதுதான் குறைந்ததா இல்லையா என்று தெரியும்.