உயரமானவர்களுக்கு நெடுந்தூர ஓட்டம் எளிதா? எடை எவ்வளவு முக்கியம்?

கால் நீளமென்றால் எடுத்துவைக்கும் அடியும் நீளம், அதனால் வேகம் என்று பலரும் நினைக்கிறார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கின் 10,000 மீட்டர் இறுதியைப் பாருங்கள்: சுமார் 182 செ.மீ. உயரமுள்ள கென்யாவின் பால் டெர்காட் கடைசிச் சுற்றில் முன்னே பாய, அவரைவிட நன்றாகவே குள்ளமான எத்தியோப்பியாவின் ஹெய்லி கெப்ரசெலாசி விடாமல் துரத்திவந்து, முடிவுக் கோட்டருகே வெறும் 0.09 வினாடி வித்தியாசத்தில் முந்தினார். அப்புறம் மாரத்தான் உலக சாதனையை 2003-ல் டெர்காட்டும் 2007-ல் கெப்ரசெலாசியும் படைத்தார்கள், இரண்டும் பெர்லினில்தான். ஆக, உயரம் தீர்மானிப்பதில்லை.

எடை வேறு கதை. ஒவ்வொரு அடியிலும் மொத்த உடம்பையும் தூக்கி இறக்குகிறோம், அதனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. அதிலும் பாதத்தில் கூடும் 100 கிராம், இடுப்பில் கூடும் 100 கிராமைவிட அதிகம் களைப்பாக்கும். கெண்டைக்கால் மெலிந்த ஓட்டக்காரர்களுக்கு இது பெரிய லாபம். பெரிய உடம்பில் வெப்பமும் சீக்கிரம் தேங்கும்.

சரி, அதற்காகப் பட்டினி கிடக்காதீர்கள். சாப்பாடு குறைந்தால் எலும்பில் விரிசல் விழும், பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும், பயிற்சியே முடங்கும்.