பெட்டியை விட்டுத் தேனீ போனது ஏன்?

கேள்வி: ஐயா, பண்டாரவளைப் பக்கம் தோட்டத்து லயத்தில் இருக்கிறோம். ஜூன் மாதம் மண்மேட்டுப் பொந்தில் இருந்த கூட்டத்தைப் பிடித்துப் பெட்டியில் வைத்தேன். செப்டம்பரில் எல்லா அடையிலும் வழித்து மூன்று போத்தல் தேன் எடுத்தேன். தினமும் திறந்து பார்த்துத்தான் வந்தேன். நவம்பர் மழையில் ஒரு காலை பார்த்தால் ஒரு ஈ கூட இல்லை. அடைகள் சுத்தமாக இருக்கின்றன. புழுவும் இல்லை, தேனும் இல்லை. கண்ணூறு என்கிறார்கள். என்ன பிழை விட்டேன்?

பதில்: கண்ணூறு இல்லை தம்பி, பசி. அடை சுத்தமாக இருந்தது என்று எழுதினீர்களே, அதிலேயே விஷயம் இருக்கிறது. மெழுகுப் பூச்சி விழுந்திருந்தால் அடையெல்லாம் நூலாம்படை பின்னிக் கிடக்கும். கூட்டம் பிரிந்திருந்தால் ஒரு பங்கு ஈயாவது மிஞ்சும். அடையின் அடி ஓரத்தில் கச்சான் கோது மாதிரி ராணி அறை தொங்கும். இரண்டும் இல்லையென்றால் குடும்பத்தோடு குடிபெயர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நம் நாட்டுத் தேனீயில் முட்டை ஈயாகி வர ஏறக்குறைய 20 நாள் ஆகும். கிளம்ப நினைக்கும் கூட்டத்தில் ராணி முட்டையிடுவதை நிறுத்திவிடும். இருக்கிற புழுக்கள் ஈயாகும்வரை பொறுத்து, மிச்சத் தேனையும் குடித்துவிட்டுத்தான் புறப்படும். ஆகவே அது போவதற்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன்பே முடிவாகிவிட்டது. நீங்கள் தினமும் பார்த்தது தேனை. அடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, அறைகளின் அடியில் வெள்ளை நூல் துண்டு மாதிரி முட்டை நிற்கிறதா என்று பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

தினமும் திறந்ததும் பிழைதான். புழு அடையை ஈக்கள் 35 பாகை அளவில் சூடாக வைத்திருக்கும். பனிமூட்டத்தில் மூடியைத் தூக்கினால் அந்தச் சூடு போய்விடும். கிழமைக்கு ஒரு தடவை, வெயில் ஏறிய பிறகு திறந்தால் போதும்.

பெரிய பிழை அந்த மூன்று போத்தல். உங்கள் ஊவா மாகாணத்தில் ஆண்டு நடுவில் வெயில் காலம்; யூக்கலிப்டஸ் பூக்கிற நேரம் தேன் சேரும். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை, ஈ வெளியே போக முடியாது. நீங்கள் வழித்தெடுத்தது அந்த மழைக்கால அரிசி மூட்டை. (ஹற்றன் பக்கம் கணக்கு வேறு; அங்கே மே மாதமே மழை பிடித்துவிடும்.) பெட்டியின் மேல் தட்டான தேனறையில் உள்ளதை மட்டும் எடுங்கள். கீழே புழு வளரும் தட்டில் கை வைக்க வேண்டாம்.

மழை நாளில் ஈக்களுக்குச் சீனிப் பாகு கொடுங்கள்: ஒரு கோப்பை சீனிக்கு ஒரு கோப்பை கொதித்து ஆறிய தண்ணீர். ஈ மூழ்காமல் இருக்கக் குச்சி போட்டு, பொழுது சாய்ந்த பிறகு பெட்டிக்குள் வையுங்கள். நான் முதல் வருஷம் பட்டப்பகலில் வைத்து, வெளியிலும் கொஞ்சம் சிந்திவிட்டேன். அரை மணித்தியாலத்தில் அடுத்த பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வந்துவிட்டன. பின்னாலேயே எறும்புப் படை. அன்றிலிருந்து பெட்டி நிற்கும் தாங்கியின் நாலு காலுக்கும் தண்ணீர்ச் சிரட்டைதான்.

பிந்துனுவெவ உங்களுக்குக் கூப்பிடு தூரம். அங்கே விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. அடுத்த கூட்டத்தைப் பிடிக்குமுன் ஒரு நாள் போய்ச் சட்டத்தைக் கையில் பிடித்துப் பழகுங்கள். பழைய அடைகளைத் தொங்கவிடாதீர்கள், மெழுகுப் பூச்சி குடிவந்துவிடும். உருக்கி, அந்த மெழுகில் கொஞ்சம் எடுத்துப் பெட்டியின் உட்பக்கம் தேய்த்து வையுங்கள். வாசனைக்கு ஒரு கூட்டம் தானாக வந்தாலும் வரும்.