பழைய தாடையில் உள்ள பற்காரையைத் தேய்த்து எடுக்கலாமா?

தயவுசெய்து தேய்க்காதீர்கள். கடைவாய்ப் பற்களில் கெட்டியாக ஒட்டியிருப்பதாக நீங்கள் சொல்லும் மஞ்சள் படிவு மண் அல்ல, பற்காரை. அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே எச்சில் உப்பு இறுகி உண்டானது. மாவுத்துகள், புகைக்கரி, வாயிலிருந்த நுண்ணுயிரிகளின் டிஎன்ஏ எல்லாம் அதற்குள் சிக்கியிருக்கும். ஜெர்மனியின் டால்ஹைம் மடத்தில் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பற்காரையில் நூற்றுக்கும் மேற்பட்ட நீலத்துகள்கள் கிடைத்தன. ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் என்னும் நீலக் கல்லின் பொடி! சுவடிக்கு வண்ணம் தீட்டும்போது தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கியிருப்பார் என்பதே பொருத்தமான விளக்கம். யாராவது பிரஷ் போட்டிருந்தால் அவர் கதை அன்றோடு போயிருக்கும்.

உலர்ந்த மென்தூரிகையால் சுற்றியுள்ள மண்ணை மட்டும் தட்டுங்கள். வினிகர், அமிலம் கூடவே கூடாது, காரை கரைந்துவிடும். பவுடர் இல்லாத கையுறை போடுங்கள். பவுடரில் சோளமாவு இருந்தால் அதையே பழங்கால உணவு என்று எண்ணிவிடுவீர்கள். ஆய்வுக்கு மாதிரி வேண்டுமானால், முதலில் படம் எடுத்து, பிறகு பல் மருத்துவர் காரை நீக்கும் கருவியால் அலுமினியத் தாளின் மேல் சுரண்டுங்கள். சில மில்லிகிராம் போதும், பாதியை அப்படியே விட்டுவையுங்கள்.

அந்த மனிதர் எத்தனை வயதில் இறந்தார் என்றும் கேட்டீர்களே: முதல் கடைவாய்ப்பல் சுமார் 6 வயதிலும் இரண்டாவது 12 வயதிலும் முளைக்கும். இரண்டின் தேய்மான வித்தியாசம் ஏறத்தாழ 6 ஆண்டு மெல்லலுக்குச் சமம். அந்த வேகத்தை வைத்துக் கணக்கிடுங்கள். வேறு ஊர்க்காரர்களின் தேய்மான அட்டவணையை அப்படியே பொருத்தாதீர்கள். அம்மிக்கல் துகள் கலந்த மாவைத் தின்றவர்களுக்குப் பல் சீக்கிரம் தேயும்.