வாசகர் கேள்வி – பதில்: வறுமையும் பொறுப்பும்

கேள்வி: என் பாட்டனார் சிறுவயதிலேயே ரங்கூனுக்குக் கப்பலேறி, வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்து, காலணா காலணாவாகச் சேர்த்து இங்கே வீடு கட்டினார். இவ்வளவு வசதி பெருகிய காலத்திலும் ஒருவர் ஏழையாக இருக்கிறார் என்றால், அவருடைய சோம்பலையும் ஊதாரித்தனத்தையும் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்?
– ஓய்வுபெற்ற வணிகர், தேவகோட்டை

பதில்: தங்கள் பாட்டனாரின் உழைப்பையும் சிக்கனத்தையும் குறைத்துப் பேச எவருக்கும் உரிமை இல்லை. கடையைப் பெருக்கித் தண்ணீர் எடுத்து வைப்பதில் தொடங்கி, பேரேடு எழுதக் கற்று, கடை முகவருக்கு உதவியாளரான அடுத்தாளாகி, மூன்றாண்டுத் தவணை முடிந்த பிறகே ஊர்முகம் பார்ப்பது என்ற அந்த ஒழுங்கு எளிதில் வருவதன்று. ஆனால் அந்தப் பையனுக்கு எவையெல்லாம் துணை நின்றன என்பதையும் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும் அல்லவா? வட்டிக் கணக்கு அவருக்கு இளமையிலேயே பழக்கப்பட்டது. போய் இறங்கிய இடம் பங்காளி அல்லது தாயபிள்ளைகளின் கடை. சோறும் படுக்கையும் அங்கேயே. பின்னாளில் தனிக்கடை வைத்தவர்கள், ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கூடி மாதந்தோறும் நிர்ணயித்த நடப்பு வட்டியை ஒட்டித் தம்மவரிடமே பணம் புரட்ட முடிந்தது. அதே வயதும் அதே சுறுசுறுப்பும் கொண்டு, இவற்றில் ஒன்றும் இல்லாமல் இதே சீமையிலிருந்து புறப்பட்ட இன்னொரு பையன், பெரும்பாலும் தோட்டக் கூலியாகவோ துறைமுகத்தில் மூட்டை சுமப்பவனாகவோதான் ஆகியிருப்பான்.

பர்மாக் கதையின் பிற்பகுதியையும் பாருங்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் கடனுக்கு ஈடாகச் செட்டியார் கடைகளின் கைக்கு வந்தது. நிலத்தை இழந்த பர்மிய உழவர்கள் அத்தனை பேரும் அந்தச் சில ஆண்டுகளில் ஒருசேரச் சோம்பேறிகளாகி விட்டார்களா? 1942-இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் நம்மவர்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்தார்கள். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா, நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. சிக்கனத்தில் ஓர் அணுவும் குறையாத குடும்பங்கள் முதலை இழந்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நிற்கும் தேக்குத் தூண்களுக்கும், அடுக்கி வைத்திருக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் பின்னால் அந்தக் கணக்கும் உண்டு. அவற்றை விற்றவர்களை ஊதாரிகள் என்று தாங்கள் சொல்லமாட்டீர்கள், சொல்லவும் கூடாது.

சோம்பலும் ஊதாரித்தனமும் இல்லை என்று நான் வாதிடவில்லை. அவை எல்லாத் தரப்பிலும் உண்டு. சொத்தைக் கரைத்த மைனர்களைப் பற்றி நம் ஊர்களில் கதைகளுக்குப் பஞ்சமா? மைனர் செய்த தவற்றுக்கு ஒரு தோப்பு போகும்; பங்காளிகள் கூடிப் பேசி வீட்டைக் காப்பாற்றுவார்கள். கூலிக்காரர் அதில் நூற்றில் ஒரு பங்கு தவறு செய்தால், மகளின் படிப்பு அந்த ஆண்டோடு நின்றுபோகும். குணத்தில் உள்ள வேறுபாட்டை விட, தவற்றுக்குக் கொடுக்க வேண்டிய விலையில் உள்ள வேறுபாடே பெரிது என்பது என் கருத்து.

கேள்வி: என் தந்தை ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை செய்கிறார். குடிப்பழக்கம் இல்லை, வேலை இருந்தால் ஒரு நாளும் தவறமாட்டார். இருந்தும் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்காத மாதம் இல்லை. நாங்கள் எங்கே தவறுகிறோம்?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: அம்மா, உங்கள் தந்தையின் வேலையை அருகில் நின்று பார்த்தவர் எவரும் அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்லத் துணியமாட்டார். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தைப் பொருத்தி, அச்சின் கட்டங்களுக்குள் வண்ணச் சிமெண்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கும் நொடியில் கை சற்று நடுங்கினாலும் பூ கலைந்துவிடும். அப்புறம் சிமெண்டும் மணலும் இட்டு மட்டப்படுத்தி, நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். இத்தகைய தொழில்களில் கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்குத்தான். காய்ச்சலில் படுத்த நாளுக்கும், அடைமழையில் சரக்கு உலராத நாளுக்கும் கூலி கிடையாது; அரிசியும் பேருந்துக் கட்டணமும் அந்த நாட்களுக்கும் உண்டு. தண்டல் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

அந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பாருங்கள். 10,000 ரூபாய் என்று குறித்துக்கொண்டு 1,000 ரூபாயை முன்னதாகவே பிடித்து, 9,000 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாளில் வசூலிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்குப் பத்து சதவீதம் போலத் தெரியும். ஆனால் இரண்டாம் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே வருவதால், உண்மையான வட்டி ஆண்டுக்கு 75 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. மருத்துவமனை வாசலில் நிற்பவர் சட்டத்தைத் தேடுவதில்லை, உடனே பணம் தருபவரைத்தான் தேடுகிறார்.

தெரிந்தே ஏன் இத்தகைய கடனை வாங்குகிறார்கள் என்று படித்தவர்கள் கேட்பதுண்டு. தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நம் மாநிலத்தின் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். நகையை அடகு வைத்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்த மாதங்களில் அதே மனிதர்கள் புதிர்களில் குறைவாகவும், கரும்புப் பணம் வந்த பிறகு தெளிவாகவும் செயல்பட்டார்கள். பணக்கவலை அறிவின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மிச்சத்தைக் கொண்டுதான் கடன்காரர் முடிவெடுக்கிறார்.

உங்கள் வீட்டில் இப்போது படித்தவர் நீங்கள் என்பதால், செய்யக்கூடியவையும் உங்களிடமே வந்து சேருகின்றன. அப்பா அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் படிப்புக்கே அதில் உதவித்தொகை உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை அது தாங்கும். படுத்திருக்கும் நாட்களின் கூலியைத் தராது. அந்தக் கூலி இழப்புக்கு, அம்மாவை மகளிர் சுயஉதவிக் குழுவில் சேர்த்து, தண்டலைக் குழு தரும் கடனால் அடைத்து மாற்றிக்கொள்வதே எனக்குத் தெரிந்த நடைமுறை வழி.

கேள்வி: இலவசங்களும் டாஸ்மாக்கும் சேர்ந்து ஏழைகளைக் கெடுத்துவிட்டன என்கிறேன். ஒப்புக்கொள்கிறீர்களா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: பாதிக்கு ஒப்புக்கொள்கிறேன். உடல்நலம், கல்வி, வாழ்க்கைத்தரம் ஆகியவற்றில் உள்ள குறைகளைக் கொண்டு வறியவர்களை எண்ணும் நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில், 2019–21 காலத்தில் இந்தியாவின் அளவு மக்கள்தொகையில் ஏறத்தாழ 15 சதவீதம். தமிழ்நாட்டின் அளவு 2.2 சதவீதம். 1956-இல் காமராசர் காலத்து மதிய உணவிலிருந்து ரேஷன் அரிசி வரை தாராளமாகக் கொடுத்த மாநிலத்தின் நிலை இது. கொடுத்ததனால் உழைப்பு செத்துப்போயிருந்தால் இந்த எண் இப்படி இருந்திருக்காது. குடியைப் பொறுத்தவரை தாங்கள் சொல்வது சரி. கூலியைக் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புபவர் தம் மனைவி மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். வறுமை அவருக்குச் சாக்காக முடியாது. 2003 முதல் அந்தக் கடையை நடத்தி, 2023–24-இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் கண்ட அரசும் பொறுப்பைப் பற்றிப் பேசும்போது சற்றுத் தணிந்த குரலில் பேசுவது நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண் அடிக்கடி முன்பணம் கேட்கிறாள். கொடுத்துப் பழக்கினால் பொறுப்பு வராது என்கிறான் சென்னையில் இருக்கும் என் மகன். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, எந்தெந்த மாதங்களில் கேட்கிறார் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். பள்ளி திறக்கும் ஜூன், தீபாவளி, உறவில் ஒரு கல்யாணம் அல்லது காதுகுத்து என்று வந்தால், அது பொறுப்பின்மை அன்று; ஆண்டு முழுவதும் ஒரே அளவாக வரும் சம்பளத்துக்கும் ஒரே மாதத்தில் குவியும் செலவுக்கும் உள்ள பொருத்தமின்மை. அவர் சம்மதித்தால், மாதச் சம்பளத்தில் ஒரு சிறு தொகையை அவர் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்பில் போட்டு வாருங்கள். புத்தகம் அவர் கையில் இருக்கட்டும். நகை அடகு வைக்கப் போகிறார் என்று தெரிந்தால், கூட்டுறவு வங்கிக்கு உடன் சென்று விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். பலர் அடகுக் கடைக்குப் போவது வட்டி தெரியாமல் அன்று, படிவத்துக்கு அஞ்சித்தான். மாதா மாதம் வீட்டுச் செலவுக்கே போதாமல் கேட்கிறார் என்றால் சம்பளத்தைக் கூட்டித் தருவதைத் தவிர வேறு வழி இல்லை. கடைசியாக எந்த ஆண்டு கூட்டினீர்கள் என்பதை மகனிடமும் சொல்லுங்கள்.