பழைய பைக்கில் ஆயில் கசிவு: கேட்டவர்களுக்குச் சொன்னவை

எஞ்சினுக்கு அடியில் எல்லா இடமும் ஆயிலாக இருக்கிறது. எங்கே ஒழுகுகிறது என்றே தெரியவில்லை. மொத்தமாகப் பிரித்து, இணைப்புகளுக்கு நடுவில் ஆயிலை அடைக்கும் எல்லா பேக்கிங்கையும் மாற்றிவிடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி, ஸ்பேனரைக் கீழே வையுங்கள். வண்டி ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளும், நின்ற பிறகு அது கீழே வழியும், அதனால் சொட்டு விழும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் வைத்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது, எஞ்சின் சூட்டைத் தணிக்கும் துடுப்புகளின் இடுக்கு வரை சுத்தமாகக் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். அப்புறம் சந்தேகப்படும் இணைப்புகள்மேல் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னாலேயும் இருக்கிறதோ அதுதான் ஊற்று. எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் உடைந்துவிட்டது என்று பயந்துபோய் வந்த ஒரு வண்டியில் கசிந்தது எஞ்சின் உச்சியில் இருக்கும் ராக்கர் கவரின் பேக்கிங் மட்டும்தான். அரை மணி நேர வேலை.

எல்லா பேக்கிங்கும் புதிது. ஒரே மாதத்தில் இரண்டு மூன்று இடங்களில் மறுபடியும் கசிகிறது. பேக்கிங் தரம் சரியில்லையா?

ஒரே சமயத்தில் பல இடங்களில் கசிந்தால் பேக்கிங்கைத் திட்டாதீர்கள், எஞ்சினுக்குள் இருக்கும் காற்றை வெளியே விடும் பிரீதரைப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் 500 சிசி வண்டி என்றால் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த 500 சிசி அளவு இடம் கிராங்க் கேஸுக்குள் குறைகிறது, அங்கே இருக்கும் காற்று எங்கேயாவது போயாக வேண்டும். இரண்டு பிஸ்டனும் சேர்ந்தே ஏறி இறங்கும் பழைய இரட்டை சிலிண்டர் வண்டிகளிலும் இதே கதைதான். பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ மடங்கியிருந்தாலோ, ஒருவழி வால்வைத் திருப்பி மாட்டியிருந்தாலோ, அழுத்தம் இருப்பதிலேயே பலவீனமான இணைப்பைத் தேடி ஆயிலை வெளியே தள்ளும். அதை அடைத்தால் அடுத்ததைத் தேடும். குழாயைக் கழற்றி ஊதிப் பாருங்கள். வால்வு இருந்தால் எஞ்சினிலிருந்து வெளியே மட்டும் காற்று போக வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் குழாயிலிருந்து புகை புசுபுசுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம், கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். அந்த நிலைமையில் எந்தப் பேக்கிங்கும் காப்பாற்றாது.

இரண்டு மூன்று வாரம் நிறுத்தி வைத்து ஸ்டார்ட் செய்தால் பிரீதர் வழியாக ஆயில் கொட்டுகிறது. டேங்க்கில் அளவும் குறைந்திருக்கிறது. ஊற்றி நிரப்பலாமா?

ஊற்றாதீர்கள்! உங்களுடையது ஆயிலுக்குத் தனி டேங்க் உள்ள வண்டி. பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரையம்ஃப் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இது பிரபலமான வியாதி: நிற்கும்போது டேங்க்கில் உள்ள ஆயில் பம்ப் வழியாகவோ அதன் குண்டு வால்வு வழியாகவோ மெல்ல இறங்கி கிராங்க் கேஸில் தேங்கிவிடும். டேங்க் காலியாகத் தெரியும், ஆனால் ஆயில் எங்கேயும் போகவில்லை, கீழே இருக்கிறது. கிராங்க் கேஸ் டிரெயின் பிளக்கைத் திறந்து அந்த ஆயிலை வடித்து, சுத்தமாக இருந்தால் டேங்க்கிலேயே திரும்ப ஊற்றி, இல்லையென்றால் வடித்த அளவுக்குப் புது ஆயில் ஊற்றி, அப்புறம் ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஓடிய பிறகு அளவு பாருங்கள். வால்வு குண்டையும் அது உட்காரும் இடத்தையும் சுத்தம் செய்தால் பல வண்டிகளில் இறங்குவது குறைந்துவிடும். டேங்க் குழாயில் திறந்து மூடும் வால்வு ஒன்று போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். திறக்க மறந்து ஒருமுறை ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் போச்சு. எனக்கு என் ஞாபகசக்திமேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை, அதனால் நான் போடுவதில்லை.

பேக்கிங்கின் இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட்டை தாராளமாகத் தடவினால் என்ன சார்?

வெளியே பிதுங்குவது உங்கள் கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்குவது தெரியாது. அது ஒருநாள் பிய்ந்து ஆயில் வடிகட்டியில் போய் அடைக்கும். நானே ஒருமுறை தாராளமாகத் தடவி, பிறகு வடிகட்டியிலிருந்து ரப்பர் புழு மாதிரி உருவி எடுத்தவன்தான். மெல்லிய படலம் போதும்.

அதைவிட, கவரின் முகம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். தடித்த கண்ணாடிமேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, கவரின் முகத்தில் மார்க்கரால் கோடு போட்டு, எட்டு போடுவதுபோல் மெதுவாகத் தேயுங்கள். எல்லாக் கோடும் ஒரேபோல் அழிந்தால் சமம். போல்ட் இறங்கும் துளையைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள், அதிகமாக இறுக்கிய வண்டிகளில் அலுமினியம் அங்கே மேடு தட்டியிருக்கும். அந்த மேடு இருக்கும்வரை பேக்கிங் முழுசாக அழுந்தாது.

டிரெயின் பிளக்கில் சொட்டுகிறது. இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா?

மரை போய்விடும். செம்பு வாஷர் என்றால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆற விடுங்கள், தண்ணீரில் போட்டாலும் சரிதான், மறுபடியும் மென்மையாகிவிடும். கருப்பைத் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். அலுமினிய வாஷர் என்றால் புதிது போடுங்கள்.

செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் பின்னால் உள்ள ஆயில் சீலை இரண்டு முறை மாற்றிவிட்டேன், நிற்கவில்லை.

சீல் என்பது ரப்பர் வளையம், அதன் உள்விளிம்பு (உதடு) உரசும் உலோகப் பகுதியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் தேய்ந்திருப்பது உலோகம், அதில் எத்தனை சீல் போட்டாலும் ஒழுகும். இடம் இருந்தால் புது சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவையுங்கள், உதடு தேயாத இடத்தில் படும். இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். மாட்டும்போது ஷாஃப்ட்டின் பற்கள்மேல் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், சீல் உதட்டில் கிரீஸ் வையுங்கள். காய்ந்த உதடும் கூர்மையான பற்களும் சேர்ந்தால் புது சீல் அங்கேயே கிழியும்.

பழைய புல்லட். செயின் கேஸ் கவரில் கசிவு. நடு நட்டை முடிந்தவரை இறுக்கியாயிற்று.

அதுதான் பிரச்சினையே. அந்தக் கவரைப் பிடிப்பது அந்த ஒரே நட். நடுவில் அழுத்த அழுத்தக் கவர் வளைந்து ஓரம் தூக்கும். ரப்பரை மாற்றி, பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்காரவைத்து, அளவாக இறுக்குங்கள். உள்ளே ஆயில் அளவுக்கு மேல் இருந்தாலும் கசியும், அதையும் பாருங்கள்.

தடிமனான ஆயில் ஊற்றினால் கசிவு நிற்குமா?

குளிரில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே ராக்கருக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும், எஞ்சின் சூடானதும் கசிவு திரும்ப வரும். வேண்டாம்.

சின்னக் கசிவுதானே, அப்படியே ஓட்டலாமா?

இரவில் அட்டை விரித்து நிறுத்துங்கள். காலையில் ஒன்றிரண்டு சொட்டுதான் இருக்கிறது, டயர் பக்கம் வரவில்லை என்றால் வாராவாரம் ஆயில் அளவு பார்த்துக்கொண்டு ஓட்டலாம், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். பின்டயரிலோ பிரேக் டிரம்மிலோ ஆயில் பட்டிருந்தால் மட்டும், அது ஒரு சொட்டாக இருந்தாலும், சரிசெய்யும்வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.