வாசகர் கேள்வி: தரகு நிறுவனக் கணக்கில் ரொக்கம்

கேள்வி: பங்குத் தரகு நிறுவனத்தில் பணிபுரிகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் வங்கிக் கணக்கில் 2 லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கட்டிவிட்டார். 10 லட்சத்துக்குக் கீழ் என்பதால் யாருக்கும் அறிக்கை அனுப்பாமல் விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. முதலில், இந்த வரவே தவறு. நேரடியாகவோ வங்கிக் கணக்கு வழியாகவோ வாடிக்கையாளரிடம் ரொக்கம் வாங்கத் தரகர்களுக்குப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி தடை விதித்திருக்கிறது. பணத்தை அவருடைய லெட்ஜரில் வரவு வைத்து வர்த்தகத்துக்கு அனுமதிக்காதீர்கள். டெபாசிட் சீட்டின் நகலை வங்கியிடம் வாங்கி, கட்டியவர் யார் என்று பாருங்கள்.

நீங்கள் சொல்லும் 10 லட்சம், ரொக்கப் பரிவர்த்தனை அறிக்கைக்கான வரம்பு. ஒரே மாதத்தில் தொடர்புடைய சிறு தொகைகள் சேர்ந்து அதைத் தாண்டினாலும், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை போக வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியே பார்ப்பார்கள், கூட்டிப் பார்ப்பதில்லை.

சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கைக்கோ தொகை வரம்பே கிடையாது. முயன்று கைவிட்ட பரிவர்த்தனையும் அதில் அடங்கும். அவர் அறிவித்த வருமானத்தோடு தொகை பொருந்தவில்லையா, மூன்றாம் நபர் கட்டினாரா? காரணங்களை எழுதி உடனே உங்கள் முதன்மை அலுவலரிடம் (இத்தகைய அறிக்கைகளுக்காக நிறுவனம் நியமித்தவர்) கொடுங்கள். அறிக்கை அனுப்புவது அவர் பொறுப்பு.

அறிக்கை போனதை வாடிக்கையாளரிடம் மறைமுகமாகக்கூடச் சொல்லக் கூடாது. அறிக்கை அனுப்பிய ஒரே காரணத்துக்காகக் கணக்கை முடக்கவும் வேண்டாம். அதுவே அவருக்குத் துப்புக் கொடுத்துவிடும். பரிவர்த்தனை ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருங்கள். சந்தேக அறிக்கை போன கோப்பை மட்டும், வழக்கு முடிந்தது உறுதியாகும்வரை அழிக்காதீர்கள்.