பழுப்பு முட்டை ஆம்லெட்டில் சத்து கூடுதலா?

கேள்வி: ஆம்லெட்டுக்காகப் பழுப்பு ஓட்டு முட்டையைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறேன். கொழுப்புக்குப் பயந்து மஞ்சள் கருவை நீக்கிவிட்டுப் போடுகிறேன். சரிதானா?

பதில்: இரண்டுமே வேண்டாத வேலை. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மஞ்சள் கரு அடர்ந்த நிறத்தில் இருப்பதும் பெரும்பாலும் தீவனத்தால்தான். ஒமேகா 3 முட்டை மட்டும் வேறு கதை: ஆளிவிதை போன்ற தீவனம் கொடுப்பதால் அந்தக் கொழுப்பு அமிலம் உண்மையிலேயே கூடுகிறது. ஒரு முட்டைக்கு எத்தனை மில்லிகிராம் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் வாங்குங்கள். வெறும் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நீங்கள் மஞ்சள் கருவைக் கொட்டுவதுதான் எனக்கு வருத்தம். ஓடு நீக்கி 50 கிராம் வரும் பெரிய முட்டையில் ஏறக்குறைய 72 கலோரி, 6 கிராம் புரதம். அந்தப் புரதத்தில் சுமார் 40 சதவீதம் மஞ்சள் கருவில் இருக்கிறது. வைட்டமின் ஏ, டி, மூளைக்கு வேண்டிய கோலின், கண்ணுக்கு நல்லதான லூட்டின் எல்லாமே அநேகமாக அதில்தான். கொலஸ்ட்ராலும் அங்கேதான், சுமார் 185 மில்லிகிராம். ஆனால் பெரும்பாலோருக்கு ரத்தக் கொழுப்பை அதிகம் ஏற்றுவது உணவிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு (நெய், வெண்ணெய் போன்றவற்றில் அதிகம் இருப்பது). நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற வரம்பை அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டுதல்கள் 2015-2020 பதிப்பில் கைவிட்டன. சர்க்கரை நோய், இதய நோய், பரம்பரைக் கொழுப்புக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயப்பட வேண்டியது எண்ணெய்க்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. இரண்டு முட்டையே 144தான்! பாட்டிலிலிருந்து நேராக ஊற்றினால் கை நிற்காது. தேக்கரண்டியால் அளந்து ஒன்று விட்டு, வாணலி முழுக்கத் தடவி, சிறு தீயில் மூடி வையுங்கள். ஓரம் கருகாமல் நடுப்பகுதி வெந்துவிடும். முழுக்க வேக வேண்டியது அவசியம். வெந்த முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் உடலில் சேர்கிறது, பச்சை முட்டையில் பாதிதான். சால்மொனெல்லா கிருமியும் சூட்டில் சாகும்.

கடையில் நிறத்தை விட்டுவிட்டு எடையையும் தேதியையும் பாருங்கள். அட்டையைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். விரிசல் விட்டது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.